உப்புக்காற்றும் சென்சாரும்: குமரி மாவட்டத்து அடுக்களைக்கும் குளியலறைக்கும் சில கணக்குகள்

கூழாங்கல் தரை, சுவர் முழுக்கப் பச்சை, கறுப்புக் குழாய், கையை நீட்டினால் தண்ணீர். இப்படி ஒரு படத்தை போனில் வைத்துக்கொண்டுதான் இப்போது பலரும் கொத்தனாரிடம் பேசவே ஆரம்பிக்கிறார்கள். நம் ஊரிலோ இயற்கை கேட்காமலே வீட்டுக்குள் வரும். ஜூனில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), அக்டோபரில் வடகிழக்கு என்று வருஷத்துக்கு இரண்டு மழை. முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்று. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு நிறுத்துவது என்று முடிவான பிறகு கருவி வாங்கினால் பாதிப் பணம் மிஞ்சும்.

முதலில் வெளிச்சம். வடக்கு ஜன்னலில் வெயில் படாது என்று வரைபடம் போடுகிறவர்களே சொல்வதுண்டு. நாகர்கோவில் 8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை உச்சி நேரத்துச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் அடுக்களையின் வடக்கு ஜன்னலுக்கும் ஒன்றரை முதல் இரண்டு அடி சன்ஷேடு வேண்டும். மேற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு மட்டும் போதாது, சாய்ந்தடிக்கும் மழை அதற்கும் கீழே நுழையும். பத்மநாபபுரம் அரண்மனையில் மரச்சட்டங்களைச் சரித்து அடுக்கிய ஜன்னல்களைப் பார்த்திருப்பீர்கள்: காற்றும் மங்கிய வெளிச்சமும் உள்ளே, மழை வெளியே. குளியலறை வென்டிலேட்டருக்கு அதே முறையில் அலுமினியம் சட்டத்தில் கண்ணாடி லூவர் போதும்.

கூரையில் கண்ணாடித் திறப்பு வைப்பதானால் இரண்டடிக்கு இரண்டடி தாராளம். கண்ணாடி 5+5 மில்லிமீட்டர் லேமினேட்டடாக இருக்கட்டும். வெறும் டஃபண்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடி உடைந்தால் நொறுங்கித் தலைமேல் கொட்டும், லேமினேட்டடு உடைந்தாலும் நடுவில் இருக்கும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் கட்டை (குட்டைச் சுவர்) கட்டி, அதன்மேல் கண்ணாடியைப் பத்துக்கு ஒன்று சரிவில் உட்கார வையுங்கள். கட்டை இல்லாமல் தளத்தோடு சிலிக்கன் வைத்து ஒட்டியது நிச்சயம் ஒழுகும். மேலே தென்னை நின்றால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். ஓட்டு வீட்டுக்கு இந்தச் செலவே வேண்டாம், இரண்டு கண்ணாடி ஓடு மாற்றினால் முடிந்தது.

அடுத்தது ஈரம். தொழில்நுட்பம் நம் ஊரில் தோற்பது அதிகமும் இங்கேதான். எட்டுக்கு ஐந்து, உயரம் ஒன்பது அடி உள்ள குளியலறையின் கொள்ளளவு 360 கன அடி, ஏறக்குறைய 10 கன மீட்டர். மணிக்கு எட்டிலிருந்து பத்து முறை காற்று மாற வேண்டும் என்றால் 100 கன மீட்டர் இழுத்தால் போதும், 6 அங்குல எக்ஸாஸ்ட் பேன் அதைச் செய்துவிடும். ஆனால் உள்ளே வர வழியில்லாத காற்றை வெளியே இழுக்க முடியாது. கதவுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் இடைவெளியோ, கதவின் கீழ்ப்பாதியில் கிரில்லோ வேண்டும். ஈரப்பத சென்சார் வைத்த பேன் இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதை 60 சதவீதத்தில் வைத்தால் ஜூன், ஜூலையில் நிற்கவே நிற்காது. வெளிக்காற்றே பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டும்போது, அந்தக் காற்றை உள்ளே இழுத்து அறையை எப்படி 60-க்குக் கொண்டுவருவது? மோட்டார் சூடாகி ஆயுள் குறைவதுதான் மிச்சம். 85-க்கு மேல் மாற்றி வைக்க வழி இருக்கும் சென்சாரை வாங்குங்கள். இல்லையென்றால் விளக்கை அணைத்த பிறகும் 20 நிமிடம் ஓடும் டைமர் சுவிட்ச். விலையும் குறைவு, வேலையும் சுத்தம்.

ஒழுகல் தளத்தின் நடுவில் தொடங்குவது அபூர்வம். தரையும் சுவரும் சேரும் மூலையிலும், குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றியும்தான் தொடங்கும். குளியலறைக்காகத் தாழ்த்திய தளத்தைக் கழுவிக் காயவிட்டு, மூலைகளைச் சிமென்ட் கலவையால் உருட்டி விட வேண்டும். குழாயைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடைவெளியை அடைக்கும் கலவை). பிறகு சிமென்டும் பாலிமரும் கலந்த பூச்சு இரண்டு கை, முதல் கை கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது தெற்கு வடக்காக. மூலையில் முதல் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதிக்க வேண்டும். சுவரில் ஓர் அடி உயரம், ஷவர் நிற்கும் இடத்தில் ஆறடி. நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் கட்டி, மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகு யாரும் தளத்தில் துளை போடக்கூடாது என்பதைப் பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பூச்சு முடிந்தபின் 'ஒரே ஒரு ஓட்டை' என்று டிரில்லோடு வருவார்கள்.

தாழ்த்திய தளத்தின் அடிமட்டத்திலிருந்து ஓர் அங்குலக் குழாயை வெளிச்சுவர் வரை நீட்டி வைப்பது பலருக்கும் தெரியாத சின்ன வேலை. என்றைக்காவது அதில் நீர் சொட்டினால் உள்ளே எங்கோ கசிகிறது என்று உடனே தெரிந்துவிடும், கீழ்வீட்டுக் கூரை கறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

தரைச் சரிவு மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். இரண்டடி டைல்ஸை நான்கு பக்கமும் சரித்து ஒட்ட முடியாது, நடுவில் தண்ணீர் தேங்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் சுவரோரமாக நீள வடிகால் வைத்து ஒரே பக்கம் சரிக்கலாம். கூழாங்கல்லை ஷவருக்கு அடியில் பதிக்க வேண்டாம், இடுக்கில் சோப்பும் பாசியும் பிடித்து நம் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் வழுக்கும். கல்தான் ஆசை என்றால் சொரசொரப்பாகச் சுட்டெடுத்த கிரானைட்.

தண்ணீரைச் சோதிக்காமல் குழாய் வாங்காதீர்கள். கிணற்று நீரை வெள்ளை வாளியில் பிடித்து ஓர் இரவு மூடாமல் வையுங்கள். காலையில் அடியில் காவி படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது. செம்மண் பகுதிக் கிணறுகளில் நீர் மென்மையாகவும் கொஞ்சம் அமிலமாகவும் இருக்கும், ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை அரித்துவிடும். சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போடுவதே மேல். கடலோரத்தில் உப்பு. டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 500-க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ தேவையில்லை. அது பாதி நீரைக் கழிவாகக் கொட்டுவதோடு, ஏற்கெனவே அமிலமான தண்ணீரை இன்னும் அமிலமாக்கும். அப்படிப்பட்ட நீருக்கு யுவி போதும், ஆனால் கலங்கலான நீரில் யுவி ஒளி ஊடுருவாது. இரும்பை மணல் வடிகட்டியில் எடுத்த பிறகுதான் யுவி.

சென்சார் குழாயையும் கெடுப்பது இதே காவிதான். உள்ளே இருக்கும் சின்ன வால்வின் துளையில் துகள் சிக்கினால் தண்ணீர் நிற்காது. குழாய்க்கு முன்னால் ஒரு வலை வடிகட்டி, மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவும்படி கை எட்டும் இடத்தில். அடுக்களையில் மீன் கழுவும் தொட்டிக்கு மட்டும் சென்சார் உண்மையிலேயே உபயோகம், மற்ற இடத்தில் அலங்காரம்.

மழைபோல் கொட்டும் பெரிய ஷவரில் ஏமாறாதவர்கள் குறைவு. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம். மொட்டை மாடித் தொட்டியின் அடிமட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே என்றால் கிடைப்பது 0.3 பார். 8 அங்குலத் தட்டில் அது சொட்டும், கொட்டாது. பிரஷர் பம்ப் வைக்க மனமில்லை என்றால் குறைந்த அழுத்தத்துக்கான சிறிய ஷவரே நல்லது.

கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் 304 ரக ஸ்டீலில்கூடத் தேநீர்க்கறை மாதிரி படியும். வெளிப்புற ஆணி, கொக்கிகளுக்கு 316 ரகம் கேளுங்கள். குழாயைக் கையில் தூக்கிப் பாருங்கள், பித்தளை கனக்கும். துத்தநாகக் கலவை லேசாக இருக்கும், குரோம் சீக்கிரம் கொப்பளிக்கும். அலமாரிக்கு ஐஎஸ் 710 முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் பிளைவுட். பார்ட்டிகிள் போர்டு சிங்குக்கு அடியில் உப்பிவிடும். ரப்பர் மரம் மலிவு, ஆனால் போரான் மருந்து ஏற்றாததைப் பூச்சி துளைக்கும். அயனி (காட்டுப்பலா வகை) மரப்பலகை கிடைத்தால் விடாதீர்கள்.

சிம்னிக் குழாய் 6 அங்குலம், இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம், முடிந்தவரை குட்டையாக. தேங்காய் எண்ணெயில் மீன் பொரிக்கும் அடுக்களைக்குக் குழாயில்லாத சிம்னி வெறும் சத்தம். வெளிவாயை மேற்குச் சுவரில் திறந்தால் இடவப்பாதிக் காற்று புகையை உள்ளேயே தள்ளும். விறகடுப்பும் பொரியலும் ஒர்க் ஏரியாவுக்கு (அடுக்களையை ஒட்டிய வேலையிடம்) போய்விட்டால் உள்ளே சிம்னியே சின்னதாகப் போதும்.

ஒர்க் ஏரியாவை ஒட்டி ஒரு சாண எரிவாயுக் கலம் வைக்க இடமிருந்தால், இயற்கையும் கருவியும் சேர்ந்து நிஜமாக வேலை செய்யும் இடம் அதுதான். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் இயங்கும் விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள மேம்பாட்டுத் திட்டமான நார்டெப் உருவாக்கிய 'சக்தி சுரபி' அடுக்களைக் கழிவிலேயே ஓடும். 1 கன மீட்டர் கலத்துக்குத் தினம் சுமார் 5 கிலோ கழிவு, அதே அளவு தண்ணீர். கிடைப்பது ஏறக்குறைய 0.4 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். நாலு பேர் வீட்டில் அவ்வளவு கழிவு சேராது, அதனால் சிலிண்டரை ஒழித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். தேநீர், வெந்நீர், ஒரு நேரக் குழம்பு, அவ்வளவுதான். தொடக்கத்தில் சாணிக் கரைசல் ஊற்றி, வாயு எரியத் தொடங்கும் வரை பொறுக்க வேண்டும். பிறகு கஞ்சித்தண்ணீர், மீந்த சோறு, மீன் கழிவு, நறுக்கிய காய்த்தோல். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, சக்கை (பலா) மடல், சோப்புத் தண்ணீர் கூடாது. விருந்து முடிந்து ஒரே நாளில் கழிவை எல்லாம் கொட்டினால் கலம் புளித்துவிடும். நாலைந்து நாள் ஒன்றும் போடாமல், கொஞ்சம் சாணிக் கரைசல் மட்டும் ஊற்றினால் தேறும். தீ திடீரெனச் சிறுத்தால் கலத்தைக் குறை சொல்லாதீர்கள், குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் தேங்கியிருக்கும். அந்த இடத்தில் ஒரு வடிகுழாய் வைத்தே குழாய் இழுக்க வேண்டும்.

சிங்குத் தண்ணீர் நேராக வாழைக்குப் போனால் எண்ணெய் மண்ணை அடைக்கும். இரண்டடிக்கு ஒன்றரை அடி தொட்டி, நடுவில் தடுப்பு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே மிதக்கும் கொழுப்பை அள்ள வேண்டும். அதற்கப்புறம் ஐந்தடி அகலம், மூன்றடி ஆழக் குழி, அடியில் கதம்பையும் (தேங்காய் உரிமட்டை) சுள்ளியும், சுற்றி மட்டியோ செந்துளுவனோ வாழை. கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி.

உள்ளே வைக்கும் செடிகளில் மணிபிளாண்ட், பாம்புக் கற்றாழை, பெரணி தாங்கும். கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும், வெளியே நடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டில் நீர் நின்றால் டெங்கு கொசுவுக்கு அதுவே போதும்.

மின்சாரத்தில் ஒரே பேச்சு: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் கீசரும் வேண்டாம், சென்சார் விளக்கும் வேண்டாம்.

வளைகுடாவில் இருந்துகொண்டு வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் திறக்கும் வீடுகள் இங்கே நிறைய. பூட்டிய குளியலறையின் தரை டிராப்பில் (வடிகாலுக்கு அடியில் உள்ள நீர் தடுப்பில்) நிற்கும் 5 சென்டிமீட்டர் நீர் ஆவியாகிப் போனால், கழிவுத்தொட்டி வாயுவும் கரப்பானும் அந்த வழியே ஏறும். கிளம்பும் முன் ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளைத் தண்ணீர், அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். வென்டிலேட்டர் லூவரைத் திறந்தே விட்டு, வெளியே கொசுவலை அடியுங்கள். கீசர் பிளக்கையும் சென்சார் குழாயின் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். உப்புக்காற்றில் பேட்டரி கசிந்தால் பெட்டியையே மாற்ற வேண்டிவரும்.