மகனின் மூச்சில் வந்த வாடை

என் மகனுக்கு அப்போது 15 வயது. தரம் 10 இல் படித்துக்கொண்டிருந்தான். ஆடி மாதத்தில் ஒருநாள் பின்னேரம், டியூசன் வகுப்பு முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் சாய்ந்துவிட்டவனை எழுப்புவதற்காகக் குனிந்தபோது, அவனுடைய வாயிலிருந்து புளித்துப்போன பழத்தின் வாடை வந்தது. கள் குடித்திருக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். சட்டையை முகர்ந்து பார்த்தேன், புத்தகப் பையைக் கொட்டிப் பார்த்தேன், யாரோடு சேர்ந்து திரிகிறாய் என்று கேட்டுக் கடுமையாக ஏசினேன். மறுத்துப் பேசுவதற்கும் தெம்பில்லாமல், "தண்ணி தாங்கப்பா" என்று மட்டும் அவன் கேட்டான். நான் தேடிக்கொண்டிருந்த விடை அந்தச் சொல்லிலேயே இருந்தது என்பது எனக்கு நான்கு நாட்கள் கழித்துத்தான் விளங்கியது.

வளரும் பிள்ளையிடம் வழக்கத்துக்கு மாறான களைப்பும் வாய் நாற்றமும் ஒன்றாக வந்தால் என்ன காரணமாக இருக்கலாம் என்று இப்போது களுவாஞ்சிகுடியிலும் அயலூர்களிலும் பெற்றோர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் வைத்தியன் அல்லன். ஆனாலும் வைத்தியசாலை விடுதியில் மகனுடைய கட்டிலருகே இருந்த நாட்களில் வைத்தியர்களிடம் கேட்டறிந்தவற்றையும், அதன் பின்னர் தேடிப் படித்தவற்றையும், நான் விட்ட பிழைகளோடு சேர்த்து எழுதிவைப்பது அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அறிகுறிகள் மூன்று வாரங்களாக எங்கள் கண்முன்னே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு சமாதானமும் இருந்தது. அவன் ஓயாமல் தண்ணீர் குடித்தான். கச்சான் காற்று வீசுகிற காலத்தில் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று சொன்னோம். 1.5 லீற்றர் போத்தல் ஒன்றை இரவில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விடிவதற்குள் அதை முடித்தான். குடித்தால் போகத்தானே வேண்டும் என்று, அவன் இரவில் மூன்று நான்கு முறை எழுந்து வெளியே போனதையும் பொருட்படுத்தவில்லை. களைத்துப் போகிறானே என்று என் மனைவி குளுக்கோஸ் மாவைக் கரைத்துக் கொடுத்தாள். நான் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாடசாலைக் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்றபோது, இடைப்பட்டியில் ஆணியைச் சுட்டு நானே புதிய துளை ஒன்று போட்டுக் கொடுத்தேன். பத்து நாட்களில் அதற்கும் உள்ளே இன்னொரு துளை தேவைப்பட்டது. உயரமாக வளர்கிற பிள்ளை மெலியத்தான் செய்யும் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தோம். வாடையைப் பொறுத்தவரையில், என் மனைவிக்கு அது தெரியவே இல்லை. இந்த வாடையைச் சிலருடைய மூக்கு உணர்வதில்லை என்று பிறகு அறிந்தேன்.

உண்மையை முதலில் கண்டவர் என் மாமிதான். காலையில் வளவைக் கூட்டிக்கொண்டிருந்தவர், வேலியோரத்து வெள்ளை மணலில் சிற்றெறும்புகள் கறுப்பாக மொய்த்திருப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார். இரவில் கழிப்பறைவரை நடக்கச் சோம்பி, மகன் சலம் கழிக்கிற இடம் அது. "இஞ்ச பாருங்க மகன், புள்ளைக்குச் சீனி வருத்தம் போல கிடக்கு" என்றார். நான் அதை ஏற்கவில்லை. சீனி வருத்தம் என்பது வயது போனவர்களுக்கு, அதிலும் உடம்பு பெருத்தவர்களுக்கு வருவது என்பதே என் எண்ணமாக இருந்தது. நம்முடைய பழைய மருத்துவ மரபில் இந்த நோய்க்கு மதுமேகம் என்று பெயர். மது என்றால் தேன். ஆய்வுகூடம் இல்லாத காலத்திலும் சிறுநீரை நாடி எறும்பு வருவதைக் கவனித்திருக்கிறார்கள். மாமி பாடசாலையில் அதிகம் படித்தவர் அல்லர், ஆனால் அந்தக் கவனம் அவரிடம் இருந்தது.

அன்று பின்னேரம் தனியார் மருத்துவ நிலையம் ஒன்றுக்குக் கூட்டிச் சென்றோம். வயிற்று வலியும் வாந்தியும் தொடங்கியிருந்ததால், அங்கே அதனை இரைப்பை அழற்சி என்று கணித்து, பூச்சிக் குளிசையும் ஒரு சத்துப் பாணியும் சேர்த்துக் கொடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்க ஒரு நிமிடமும் தேவையில்லை. அதனை அங்கே யாரும் செய்யவில்லை, செய்யுங்கள் என்று கேட்க எனக்கும் தெரியவில்லை. மறுநாள் விடியற்காலையில் அவன் ஓடிக் களைத்தவனைப் போல ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்கினான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டான். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி ஒருவர் அவனருகே குனிந்தார், வாடையை உணர்ந்தார், உடனே குளுக்கோஸ் மானியைக் கையில் எடுத்தார். இரத்தத்தில் குளுக்கோஸ் அளவு டெசிலீற்றருக்கு 486 மில்லிகிராம். சேலைன் ஏற்றியபடியே அம்புலன்சில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது அவனுடைய உலர்ந்து வெடித்த உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாயைத்தான் நான் முகர்ந்து பார்த்துக் குற்றம் சாட்டியிருந்தேன்.

அவனுக்கு வந்தது முதலாம் வகை நீரிழிவு. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களையே அழித்துவிடுவதால் இது உண்டாகிறது; இனிப்பு அதிகம் உண்டதாலோ, பெற்றோரின் கவனக்குறைவாலோ வருவதில்லை. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருந்தாலும் உடற்கலங்களுக்குள் அது போதியளவு போவதில்லை. களைப்புக்குக் காரணம் அதுதான்: பிள்ளை சாப்பிடுகிறான், ஆனால் அவனுடைய தசைகள் பட்டினி கிடக்கின்றன. இரத்தத்தில் குளுக்கோஸ் டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது சிறுநீரகம் அதனை வெளியே விடத் தொடங்குகிறது. அது நீரையும் இழுத்துக்கொண்டு போவதால் சலமும் தாகமும் கூடுகின்றன. எரிபொருள் கிடைக்காத உடல் கொழுப்பை எரிக்கிறது. அப்போது ஈரலில் உருவாகும் கீற்றோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. அவற்றுள் ஒன்றான அசிற்றோன் மூச்சு வழியாக வெளியேறுகிறது. நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருப்பதும் அசிற்றோன்தான். அமிலத்தைக் குறைப்பதற்காகவே உடல் ஆழமாக மூச்செடுத்துக் கரியமில வாயுவை வெளித்தள்ளப் பார்க்கிறது. இந்த நிலையில் சிகிச்சை தாமதித்தால் பிள்ளை மயக்கமடையும், உயிரும் போகும்.

இன்சுலின் ஊசி ஏற்றப்பட்ட முதல் நோயாளியும் வளரும் வயதுப் பையன்தான் என்பதை விடுதியில் இருந்தபோது படித்தேன். கனடாவின் டொரொன்டோ நகரில், 1922 ஜனவரி 11 ஆம் திகதி, 14 வயதான லெனார்ட் தொம்சனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. அவன் அப்போது ஏறத்தாழ 30 கிலோகிராம் எடைதான் இருந்தான். அவனுடைய மூச்சிலும் அசிற்றோன் வாடை இருந்ததாக வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். முதல் ஊசி பெரிதாகப் பலன் தராததால், மருந்தை மேலும் சுத்திகரித்து ஜனவரி 23 ஆம் திகதி மீண்டும் கொடுத்தார்கள். அவன் அதன் பின்னர் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். எங்கள் மகனுக்கு அதே மருந்து அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைத்தபோது, அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன்.

களைப்பும் வாய் நாற்றமும் கண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானோருக்கு இது இருக்காது. வாய் நாற்றத்தின் ஊற்று அதிகமாக வாயிலேயே இருக்கும். சூத்தைப் பல், இரத்தம் கசியும் முரசு, வெள்ளை படிந்த நாக்கு, டொன்சில் குழிகளில் உணவுத் துணுக்கு இறுகி உண்டாகும் வெள்ளைக் கட்டிகள் ஆகியவற்றை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாலே ஓரளவு கண்டுகொள்ளலாம். இவற்றால் வரும் நாற்றம் அழுகல் நாற்றம். அசிற்றோன் வாடையோ இனிப்புக் கலந்தது. பீனிசத்தால் மூக்கில் சளி கட்டி, அது தொண்டைக்கு வடிகிற பிள்ளைகளுக்கும் வாய் நாறும். தலைப்பாரத்தோடு சோர்வும் இருக்கும்.

பதின்ம வயதில் குறிப்பாக எண்ணிப் பார்க்கவேண்டிய இன்னொன்று எப்ஸ்டீன்-பார் வைரசால் வரும் சுரப்பிக் காய்ச்சல். உமிழ்நீர் வழியாகத் தொற்றும் இந்நோயில் தொண்டை வீங்கி, டொன்சிலில் வெண்படலம் படிந்து, கழுத்தில் நெறி கட்டும். காய்ச்சல் போன பிறகும் களைப்பு வாரக்கணக்கில் நீடிக்கலாம். மண்ணீரல் வீங்குவதால், வைத்தியர் சொல்லும்வரை உதைபந்தாட்டம் போன்ற விளையாட்டுகளுக்கு அனுப்பக்கூடாது. சாதாரண தொண்டை நோவு என்று எண்ணி அமொக்சிசிலின் கொடுத்தால் பலருக்கு உடம்பெங்கும் சிவந்து தடிப்பு எழும். மருந்தகத்தில் தாமாகவே அந்தக் குளிசையை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதனைச் சொல்லவேண்டியிருக்கிறது.

என் நண்பர் ஒருவரின் 13 வயது மகள் காலையில் எழும்பும்போதே சோர்ந்திருந்தாள், வாயும் நாறியது. எங்கள் கதையைக் கேட்டுப் பயந்து அன்றே குளுக்கோஸ் அளவைப் பார்த்தார்கள், 96 தான். இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள் என்று அவளுடைய அம்மம்மா சொன்னதை வைத்து, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போனபோதுதான் மூக்கின் பின்புறச் சதை வளர்ந்து மூச்சை அடைப்பது தெரிந்தது. வாய் உலர்வதால் நாற்றம், மூச்சு அடைபட்டுத் தூக்கம் கெடுவதால் களைப்பு. பிள்ளையோடு படுத்துறங்கும் ஒருவர் சொல்லாவிட்டால் இது வெளியே தெரியவந்திருக்காது.

சில வேளைகளில் இரண்டுக்கும் காரணம் வெவ்வேறாகவும் இருக்கும். மாதவிடாய் கூடுதலாகப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைந்து சோர்வு வரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். காலைச் சாப்பாடு இல்லாமல் வகுப்புக்கு ஓடுகிற பிள்ளையின் வாய் உலர்ந்து நாறும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் தேவை; நடுச்சாமம்வரை கைப்பேசியும் விடியற்காலையில் வகுப்பும் என்றால் அது எப்படிக் கிடைக்கும்? மனம் சோர்ந்துபோன பிள்ளை பல் துலக்குவதையும் குளிப்பதையும் கைவிடுவதுண்டு. அதனைச் சோம்பல் என்று ஏசுவது அந்தப் பிள்ளையை இன்னும் தனிமைப்படுத்திவிடும். மூச்சில் அமோனியா வாடை வந்து முகமும் காலும் வீங்கினால் சிறுநீரகத்தைச் சோதிக்கவேண்டும்.

இவற்றுள் பலவற்றுக்கு ஒரு வாரம் பொறுத்துக் கிளினிக்குக்குப் போகலாம். ஆனால் களைப்போடு தாகம், அடிக்கடி சலம் போதல், மெலிவு ஆகியவை இருந்தால் அன்றைக்கே இரத்தத்தில் குளுக்கோஸ் பார்க்கவேண்டும். காலையில் வெறுவயிற்றோடு வாருங்கள் என்று யாரும் சொன்னால் அதுவரை காத்திருக்கக்கூடாது. இந்த அறிகுறிகளோடு, எந்த நேரத்தில் பார்த்தாலும் அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நீரிழிவுதான். வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு, மயக்க நிலை என்று ஏதாவது சேர்ந்துவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைக்கவேண்டும்.

மகன் ஐந்தாம் நாள் எழுந்து இருந்து, இரண்டு இடியப்பம் சாப்பிட்டான். கள் விடயத்தில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டபோது, "எனக்கே என்ன நடக்குதெண்டு தெரியலப்பா" என்றான். இப்போது ஒவ்வொரு நாளும் தானே ஊசி போட்டுக்கொள்கிறான். அவனுடைய பையில் குளுக்கோஸ் மானியும் ஒரு பொதி குளுக்கோஸ் மாவும் இருக்கின்றன. அளவு 70 க்குக் கீழே இறங்கினால் அந்த மாவே அவனுக்கு மருந்து. வகுப்பில் அவன் மேசையில் தலை சாய்த்தால் ஏசாமல், முதலில் அளவைப் பார்க்கச் சொல்லும்படி வகுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் அதனைத் தம்முடைய நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.