கூடப் படிப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தால் உங்கள் இசட் புள்ளி குறையுமா?

இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் மருத்துவத்தையோ பொறியியலையோ குறிவைப்பவருக்கு இந்தச் சந்தேகம் ஒருநாளாவது வரும். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளிதான். இந்தத் துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. பக்கத்து மேசைக்காரரும் உங்கள் மாவட்டம்தான். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் புள்ளியிலிருந்து பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, நியமவிலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் இசட். மூன்று பாடங்களின் சராசரியே இறுதி. பௌதிகவியலுக்கு 30,000 பேர், நியமவிலகல் 20 என்று வைப்போம். நீங்கள் விளங்கப்படுத்தி நண்பருக்கு 12 புள்ளி கூடினால் சராசரி 0.0004 ஏறும், அந்தப் பாடத்தில் உங்கள் இசட் 0.00002 இறங்கும். வெட்டுப்புள்ளியே, அதாவது அனுமதி கிடைத்த கடைசி இசட் புள்ளியே, நாலு தசமதானத்துக்குத்தான் வெளியாகிறது. விளங்கப்படுத்தியதில் நீங்களும் தெளிந்து 4 புள்ளி கூட எடுத்தால் அந்தப் பாடத்தில் உங்கள் இசட் 0.2 ஏறும், மூன்றின் சராசரியில் 0.0667.

மிஞ்சுவது தரவரிசை. அவர் உங்களைத் தாண்டினால் ஓரிடம் பின்னால் போவீர்கள். இருவரும் விளிம்பில் நின்றால் அந்த ஓரிடம் வலிக்கும்தான். ஆனால் விளிம்பு எங்கே என்பது பெறுபேறு வந்தபிறகே தெரியும். தவணைப் பரீட்சையில் முதலாம் பிள்ளையாக நிற்பதற்காகக் கொப்பியை ஒளிப்பது இன்னும் வீண். பல்கலைக்கழக அனுமதிக்கு அந்த நிலையை யாரும் கேட்பதில்லை.

உண்மையில் பறிபோவது நேரம். வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 40 நிமிடம் போதும். கேள்வியுடன் வருபவர் முதலில் 10 நிமிடம் தானே முயன்ற தாளையும் கொண்டுவரட்டும். வெறுங்கையோடு வந்து "முழுக்கச் செய்து காட்டு" என்றால் அது உதவியாகாது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எழுதியவர் பரீட்சையில் அதே இடத்தில்தான் நிற்பார். சார்பு வேகக் கணக்கென்றால் முக்கோணத்தை அவரே வரையட்டும், அம்புக்குறி பிழைக்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள்.

பௌதிகவியல் பல்தேர்வில் 50 கேள்விக்கு 2 மணித்தியாலம், ஒன்றுக்கு 2.4 நிமிடம். இருவரும் தனித்தனியே நேரம் பிடித்துச் செய்துவிட்டு, விடை வேறுபட்டவற்றை மட்டும் பேசுங்கள். மற்ற நாலு தெரிவும் ஏன் பிழை என்று ஒருவர் சொல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே விடை வந்தாலும் புள்ளித்திட்டத்தோடு ஒப்பிடத் தவறாதீர்கள். சேர்ந்து படிப்பவர்களிடம் ஒரே பிழை தொற்றிக்கொள்ளும். இருவரும் சரியென்று நம்புவதால் கண்ணில் படாது.

குறுங்குறிப்புக் கொப்பியை இரவல் கொடுக்க வேண்டாம். பிரதி எடுத்துக் கொடுங்கள். கடைசி மாதத்தில் போன கொப்பி பரீட்சைக்கு முன் திரும்புவது அபூர்வம்.

நண்பர் மூன்று கிழமையாகக் கேட்பது மட்டும், தருவதே இல்லை என்றால், அவருடைய பலமான பாடத்தில் ஒரு அலகைக் கேளுங்கள். அதற்கும் சாட்டுச் சொன்னால் அந்த 40 நிமிடத்தை இரசாயனவியலுக்கு மாற்றிவிடலாம்.