90-ல் ஆடிய ஸ்டியரிங்

தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு வேகத்தில் மட்டும் தெரியும் காரின் கோளாறைக் கண்டுபிடிப்பது லேசில்லை. எங்கள் டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் ஹை ரோட்டில், 40-ஐத் தொட்டால் அன்றைக்கு ஏதோ பந்த் என்று அர்த்தம். முன்னால் ஷேர் ஆட்டோ, பக்கத்தில் கண்டெய்னர் லாரி. அதனால்தான் போன மாதம் நான்கு டயரையும் மாற்றி, சக்கரத்தின் எடையைச் சமன்செய்யும் வீல் பேலன்சிங், அலைன்மெண்ட் எல்லாம் முடித்து வண்டியை எடுத்து வந்தும் நாலு நாள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். செங்குன்றம் வரை வழக்கமான ஊர்வலம். அதைத் தாண்டி ரோடு திறந்ததும் 80-ல் ஸ்டியரிங் மெல்ல நடுங்க ஆரம்பித்தது. 90-ல் கியர் பக்கத்துக் குழியில் கிடந்த சில்லறை ஜலஜலவென்றது. 100-ஐ நெருங்கும்போது கொஞ்சம் அடங்கியது. பழைய டயர் ஏழு வருடம் ஓடி ரப்பர் வெடித்துப் போயிருந்தும் இப்படி ஆடியதே இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

டயர் போட்ட கடைக்குத் திரும்பிப் போனால் முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" சாருக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றேன். மறுபடி அலைன்மெண்ட் பார்த்தார்கள். எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தார்கள். நடுக்கம் அப்படியே இருந்தது. மூன்றாவது தடவை போனபோது "லோயர் ஆர்ம் போயிருச்சு, சஸ்பென்ஷனையே பார்க்கணும்" என்று 14,000 ரூபாய்க்குக் கணக்கு சொன்னார்கள். லோயர் ஆர்ம் என்பது முன் சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கை.

இங்கேதான் எனக்கு உறைத்தது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன என்பது. அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும், டயர் ஓரம் மட்டும் தேயும். நாலு நாள் ஓடிய புது டயரை 90-ல் ஆட வைக்கும் வேலை அதற்குக் கிடையாது. ஆனாலும் நம் ஊரில் காருக்கு எது வந்தாலும் "அலைன்மெண்ட் பாருங்க"தான், காய்ச்சலுக்குக் கசாயம் மாதிரி.

சரி, நாமே பார்ப்போம் என்று அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்குப் புறப்பட்டேன். காரனோடைப் பாலம் தாண்டி ரோடு காலியாக இருந்தது. பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு 90-ல் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். நடுக்கம் போகவில்லை. இன்ஜினோ, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டோ காரணமாக இருந்திருந்தால் ஆக்சிலேட்டரை விட்டதும் ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் மெதுவாக பிரேக் பிடித்தேன். பெடல் துடிக்கவில்லை, ஆட்டம் கூடவுமில்லை. அப்படியென்றால் பிரேக் டிஸ்க் காரணம் இல்லை. ஆடுவது ஸ்டியரிங், சீட் அல்ல. ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. என் ஸ்விஃப்டின் டயர் அளவு 165/80 ஆர்14. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் உருளும். 90-ல் போனால் நொடிக்குப் 13 சுற்று. ரிம் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடினால் போதும், அந்த வேகத்தில் அது மூன்றரை கிலோ பாரம் போலச் சக்கரத்தை வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்குப் 13 தடவை திசை மாறி மாறி. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. டி.எச். ரோட்டில் 30-ல் போகிறவளுக்கு இது எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பஞ்சர் கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "வண்டி நீயா ஓட்ற? அப்ப நீ சொல்றதுதான் கரீட்டு" என்றார். முதல் வேலையாக முன் சக்கரத்தைப் பின்னாலும் பின் சக்கரத்தை முன்னாலும் அதே பக்கமாக மாற்றிப் போட்டுக் கொடுத்து ஒரு ரவுண்டு போய்விட்டு வரச் சொன்னார். அன்றிரவே போனேன். ஸ்டியரிங் சாது. இப்போது என் முதுகுக்குக் கீழே சீட் அதிர்ந்தது! லோயர் ஆர்ம் கழற்றிக்கொண்டு பின்னால் போகாது அல்லவா? பதினாலாயிரம் மிச்சம்.

மறுநாள் பாய் பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஹேண்ட்பிரேக்கை விடுவித்தார். ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனை டயரை உரசுவது போல நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சக்கரத்தில் இடைவெளி மாறவே இல்லை. இடது சக்கரத்தில் ஓரிடத்தில் முனை உரசியது, எதிர்ப்புறம் வந்தபோது நகத்தின் கனத்துக்கு விலகியது. டயர் வட்டமாகவே உட்காரவில்லை.

"இந்தக் கோட்டப் பாருமா" என்று காட்டினார். டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி மெல்லிய வளையமாக ஒரு வரி ஓடும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே அளவில் தள்ளித் தெரிய வேண்டும். என் டயரில் ஒரு கையளவு நீளத்துக்கு அந்த வரி ரிம்முக்குள் பதுங்கியிருந்தது. இத்தனை வருடம் கார் வைத்திருக்கிறேன், அந்த வரி எதற்கு என்று யோசித்ததே இல்லை. ஏதோ அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

கடையில் பேலன்சிங் மெஷின் பூஜ்யம் காட்டியதும் பொய் இல்லை. மெஷின் பார்ப்பது எடை எந்தப் பக்கம் கூடுகிறது என்பதை. கோணலாக உட்கார்ந்த டயருக்கும் ரிம்மில் எடைத் துண்டு அடித்துப் பூஜ்யம் வரவைக்கலாம். அந்த ரிம்மில் ஒரே இடத்தில் 55 கிராம் அடித்திருந்தார்கள். புது டயருக்கு அவ்வளவு கேட்கும்போதே யாராவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? அதில்தான் எனக்குக் கோபம்.

பாய் காற்றை முழுக்க இறக்கி, டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, உள்விளிம்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசினார். டயரைப் பாதிச் சுற்றுத் திருப்பி வைத்துக் காற்று ஏற்றியபோது டப், டப் என்று இரண்டு சத்தம். "இப்ப குந்திக்கிச்சு." மறுபடி பேலன்ஸ் பார்த்ததில் 15 கிராம்தான் கேட்டது. மாட்டும் முன், சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் முகத்தில் இருந்த துருவையும் சுரண்டினார். நட்டுகளை மெஷின் கன் வைத்து வரிசையாக அடிக்காமல் எதிரெதிராக, கையால், இரண்டு தவணையில் முடுக்கினார். கூலி 350 ரூபாய், டீ என் செலவு.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டி போனேன். 80, 90, 95. சில்லறை சத்தமே போடவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருந்தார் பாய். திரும்பி வந்ததும் வாசலில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ஒரே ஒரு நட்டு மட்டும் கால் திருகு கொடுத்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்த சார், "அலைன்மெண்ட்டா?" என்று கேட்டார்.