பீடிக் கணக்கும் வீட்டு வரியும்

நான் வீட்டு வரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்தவன். வடாற்காட்டில் ஒரு சின்ன நகராட்சியில் தொடங்கி, நாலைந்து ஊர் மாறி ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் இருக்கிறேன். மார்ச் வந்தால், எந்த வீடு எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுதிய டிமாண்ட் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலை ஆறரைக்கே தெருவில் இறங்கிவிடுவேன். வேலைக்குக் கிளம்பும் முன் ஆளைப் பிடித்தால்தான் உண்டு.

ஒருமுறை பீடி சுற்றும் தெரு. திண்ணையில் முறத்தை மடியில் வைத்திருந்த அம்மா தலை நிமிராமலே கேட்டார்: "வரி கட்டறேன் சார், தண்ணி எப்ப வரும், அத்த சொல்லு முதல்ல."

பாலாறு வெறும் மணலாகக் கிடந்த காலம். லாரி வரும் நாளில் குடத்தோடு இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்தால் ஆயிரம் பீடி சுற்றுகிற கை அது. இரண்டு மணி நேரம் என்றால் இருநூறு பீடியின் கூலி போச்சு. மகளை வரிசையில் நிறுத்தினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போச்சு. நான் கேட்கப்போன அரையாண்டு வரி சில நூறு ரூபாய். ஆறு மாதத்தில் தண்ணீருக்காக அவர் விட்ட கூலியை அந்தத் திண்ணையிலேயே மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். வரியைவிட அதுதான் பெரிது.

அதனால்தான் 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது "ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள்" என்று எழுந்த சத்தத்தோடு என்னால் முழுசாகச் சேர முடியவில்லை. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம் ஏற்றினார்கள். 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதம். அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய வீடு 500 கட்டவேண்டும். நூறு ரூபாய் சும்மா வருமா என்று கேட்டால் வராது, சரிதான். ஆனால் குழாய் மட்டும் சும்மா வருமா?

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அது சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் கரண்ட் பில்லுக்கும் போன பிறகு என்ன மிஞ்சும் என்பது நகராட்சிக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். மத்திய நிதி ஆணையத்தின் மானியமோ தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் வரும். இங்கே 2016-ல் நடக்கவேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. நடுவில் அந்தப் பணம் நின்றுபோனது. கவுன்சிலர் இல்லாமல் ஊர் நன்றாகத்தானே ஓடுகிறது என்று அப்போது டீக்கடையில் பேசியவர்கள் உண்டு (நானும் ஒருநாள் தலையாட்டியிருக்கிறேன்).

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சந்து வீடுகளில் பாக்கி குறைவு. ரசீதை மஞ்சள் பையில் வருட வாரியாகக் கட்டிவைத்திருப்பார்கள். நாளைக்குப் பட்டா, லோன் என்று போனால் அதுதான் அவர்களுக்குச் சாட்சி. பெரிய பாக்கியெல்லாம் மெயின் ரோட்டில், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால். "முதலாளி வெளியூர்" என்ற பதிலை நான் கேட்டது கொஞ்ச நஞ்சமில்லை.

காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் வந்து சில வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்தத் தெரு வழியாகப் போனேன். வாசலிலேயே குழாய், கீழே ஒரு நீல டிரம். அதே திண்ணை, அதே முறம், மூக்குக்கண்ணாடி மட்டும் புதுசு. என்னை அடையாளம் கண்டு முறத்தை இறக்கி வைத்தார்.

"இன்னா சார், இன்னும் பாக்கி கீதா?"