சிக்னல் கிடைக்கும்போது போடுகிறேன்

18 செப்டம்பர் 2025, வியாழன், டார்வின்

மக்களே, வந்து சேர்ந்துவிட்டேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நாலரை மணி நேரம், டார்வின். எல்லோரும் சிட்னியிலோ மெல்பர்னிலோதானே இறங்குவார்கள், நீ ஏன் வடக்கு மூலையில் போய் இறங்குகிறாய் என்று கேட்டீர்களே, காரணம் மாம்பழம்தான். அக்டோபரில் இந்தப் பக்கம் அறுவடை, ஆள் தேவை. போன வருடம் ஆஸ்திரேலிய வேலை-விடுமுறை விசாவுக்காக 25 டாலர் கட்டிக் குலுக்கலில் பேர் கொடுத்தது ஞாபகம் இருக்கும். இந்தியாவுக்கு மொத்தமே 1000 இடம், அதில் எனக்கு ஒன்று விழுந்தது. அந்த விசாவில் ஒரு வருடம் ஊரும் சுற்றலாம், வேலையும் பார்க்கலாம். வடக்கே மூன்று மாதம் தோட்ட வேலை பார்த்துவிட்டால் இரண்டாவது வருடத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

விடுதியில் எட்டுப் பேர் ஒரே அறை, அடுக்குக் கட்டில், எனக்கு மேல் கட்டில். பையை வைத்துவிட்டு நேராக மிண்டில் கடற்கரைக்குப் போனேன். வியாழனும் ஞாயிறும் அங்கே சாயங்காலச் சந்தை. லாக்சா, பப்பாளி சாலட், முதலைக்கறி என்று எல்லா வாசனையும் கலந்து வருகிறது. சூரியன் இறங்கும் நேரத்துக்குச் சந்தையே காலியாகிவிடுகிறது, அத்தனை பேரும் தட்டைத் தூக்கிக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்குக் கடல் என்றால் மெரினா. சூரியன் தண்ணீருக்குள் போவதை இன்றுதான் பார்த்தேன். யாரும் குளிக்கவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகை கரையிலேயே இருக்கிறது.

இனி ஒரு ஏற்பாடு. குரூப்பில் தினமும் போட்டோ கேட்டால் என்னால் முடியாது. ஊர்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு டவரே இருக்காதாம். நான் எழுதி வைத்துக்கொண்டே வருவேன், சிக்னல் கிடைக்கும்போது போடுவேன். நீங்கள் நேரம் கிடைக்கும்போது படியுங்கள். நாலு வருடம் ஒரே ஹாஸ்டலில் விடிய விடியப் பேசியவர்கள் நாம், கட்டைவிரல் படத்தோடு முடித்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

6 அக்டோபர், திங்கள், கேத்தரின்

டார்வினிலிருந்து தெற்கே சுமார் 320 கிலோமீட்டர். வேலை கிடைத்துவிட்டது. மணிக்கு 31 டாலர் 19 செண்ட், வரி 15 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். காலை ஆறு மணிக்குத் தோப்பில் நிற்கவேண்டும்.

பறிக்கும் முறையைச் சொல்கிறேன், கிருஷ்ணகிரியில் என் தாத்தா கேட்டிருந்தால் விடிய விடியக் கேள்வி கேட்டிருப்பார். இங்கே வரிசைகளுக்கு நடுவே ஒரு வண்டி மெதுவாக நகர்கிறது, இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரிந்திருக்கும். நாம் கூடவே நடந்து, பறித்துப் பறித்து அதில் போடவேண்டும். அதன்மேல் சோப்புத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. எதற்கு? சொணைக்கு. காம்பை ஒடித்தவுடன் தெறிக்கும் அந்தப் பால் பழத்தோலில் பட்டால் கருத்துவிடும், சந்தையில் விலை போகாது. நம் தோலில் பட்டாலும் அதே கதைதான். இத்தனைக்கும் முழுக்கைச் சட்டை, கையுறை, முகத்துக்குக் களிம்பு எல்லாம் போட்டுத்தான் போகிறேன். மூன்றாவது நாளே கழுத்தில் கொப்புளம். சின்ன வயதில் உதட்டோரம் சொணை பட்டு அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது ஞாபகம் வந்தது. இங்கே எண்ணெய்க்கு எங்கே போக, ஒரு பெரியம்மா ஏதோ கிரீம் கொடுத்தார், அதைப் பூசிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

மரத்தில் முசுறு எறும்பு இருக்கிறது! இலைகளை ஒட்டிக் கூடு கட்டுமே, அதேதான். நம் ஊரில் செம்பழுப்பாக இருப்பது இங்கே அடிவயிறு பச்சையாக இருக்கிறது, ஆனால் இனம் ஒன்றுதானாம். கடியும் ஒன்றுதான், சட்டைக்குள் ஒன்று புகுந்தால் போதும், சத்தியம் செய்கிறேன். பச்சை வயிற்றை நாக்கில் வைத்துப் பார் என்றார்கள். வைத்தேன். எலுமிச்சைப் புளிப்பு.

கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் திமோர் லெஸ்தே, வனுவாட்டு நாட்டுக்காரர்கள், மிச்சம் தைவான், பிரான்ஸ், நான். ஒன்பதரை மணி இடைவேளைக்கு ஸ்மோகோ என்று பெயர். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஐந்து மொழியில் சிரிப்பு கேட்கும்.

20 அக்டோபர், திங்கள், கேத்தரின்

தீபாவளி. விடிகாலை நாலரைக்கு எழுந்து தலைக்குக் குளித்தேன், எண்ணெய் இல்லாமல். புதுச்சட்டை என்று மடித்து வைத்திருந்ததைப் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போனால் அரை மணி நேரத்தில் சோப்புத் தண்ணீரில் நனைந்துவிட்டது. பகலில் 39 டிகிரி. மழைக்கு முன்னால் வரும் இந்தப் புழுக்கத்துக்கு இங்கே பில்ட்-அப் என்று பெயர், மேகம் கருத்துக் கருத்து வரும், பெய்யாது. மதியத்துக்கு மேல் ஆட்கள் பேசுவதே குறைந்துவிடுகிறது.

நாம் பறிக்கும் ரகம் கென்சிங்டன் பிரைட், சுருக்கமாகக் கேபி. சாறும் வாசனையும் நம் பழத்துக்குக் கிட்டே வருகிறது. அதற்கும் ஒரு கதை சொல்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டாளத்துக்குக் குதிரைகளைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அந்த வியாபாரிகள் திரும்பி வரும்போது கொண்டுவந்த மாங்கொட்டைதான் குவீன்ஸ்லாந்தில் போவன் என்ற ஊரில் முளைத்து இந்த ரகம் ஆனது என்று. நான் இதை நம்ப ஆசைப்படுகிறேன்.

இரவு நீங்கள் மூன்று பேரும் வீடியோவில் வந்தீர்கள். எனக்கு மணி பதினொன்று, உங்களுக்கு ஏழு. நாலு மணி நேரம்தான் வித்தியாசம், பின்னால் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சேலத்துக்காரி அதிரசத்தைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டினாள். அப்போது சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

13 நவம்பர், வியாழன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

சீசன் முடிந்தது, கையில் காசு, முதுகில் பை. கேத்தரினில் சாயங்காலம் பஸ் ஏறி மறுநாள் காலை ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கினேன், கிட்டத்தட்ட 1200 கிலோமீட்டர், ஒரே சாலை, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. சில இடங்களில் வேக வரம்பே 130. மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும் லாரிகளை ரோடு ட்ரெயின் என்கிறார்கள், நீளம் 53 மீட்டர் வரை போகும். எதிரே வந்து கடக்கும்போது பஸ்ஸே ஒரு ஆட்டம் ஆடும். ராத்திரி முழுக்க போனில் சிக்னல் கட்டம் காலி. ஒரு சின்ன ஊர் வந்தால் இரண்டு நிமிடம் உயிர் வரும், எழுதி வைத்ததில் ஒன்று போகும், திரும்பக் காலி.

அதை எண்ணிக்கொண்டேதான் இன்று காலை ஊருக்கு வடக்கே நாலு கிலோமீட்டர் நடந்து பழைய தந்தி நிலையத்துக்குப் போனேன். டாட் ஆற்றின் ஓரமாகவே நடை. ஆறு என்றால் வெறும் மணல், நடுவே பெரிய யூகலிப்டஸ் மரங்கள். ஆற்றுக்கு சார்லஸ் டாட் பெயர், ஊருக்கு அவர் மனைவி ஆலிஸ் பெயர். அந்த டாட்தான் தெற்கே அடிலெய்டு பக்கத்திலிருந்து வடக்கே டார்வின் வரைக்கும் 3000 கிலோமீட்டருக்கு மேல் தந்திக் கம்பி இழுத்தவர். சுமார் 36,000 கம்பங்கள், இரண்டு வருடத்துக்குள், 1872 ஆகஸ்ட் 22இல் இரண்டு முனையும் சேர்ந்தன. கம்பியில் ஓடும் மின்சாரம் தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும் என்பதால் 250, 300 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம். அங்கே ஒரு ஆள் இரவும் பகலும் உட்கார்ந்து, வரும் தட்டல்களைக் காதில் வாங்கி எழுதி, அடுத்த கம்பியில் தானே திரும்பத் தட்டவேண்டும். அந்த மேசை இன்னும் இருக்கிறது.

இப்போது கேளுங்கள். டார்வினில் கம்பி கடலுக்குள் இறங்கி ஜாவாவுக்குப் போனது, அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு, பிறகு எங்கே தெரியுமா? மெட்ராஸ்! அங்கே கரையேறி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, திரும்பக் கடலில் இறங்கி லண்டன். அதுவரை கப்பலில் மாதக் கணக்கில் போன செய்தி சில மணி நேரத்தில் போய்ச் சேர ஆரம்பித்தது. இந்தப் பாலைவனத்தில் ஒருவர் கையால் தட்டிய சொல்லை நம் ஊர்க் கரையில் இன்னொருவர் வாங்கி எழுதியிருக்கிறார். அந்த மேசை முன்னால் நின்று எவ்வளவு நேரம் ஆனது என்றே தெரியவில்லை. ஒரு வழிகாட்டி வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். 1932இல் தந்தி வேலை ஊருக்குள் மாறிய பிறகு இந்தக் கட்டடங்களில் குழந்தைகளை வைத்தார்கள். பழங்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் பிறந்தவர்கள் என்பதற்காகத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள். பத்து வருடம் அப்படி நடந்திருக்கிறது. நாடு முழுவதும் நடந்த அந்தக் கொடுமைக்கு 2008 பிப்ரவரி 13இல்தான் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். லண்டனுக்கே செய்தி போன வீடு இது. இதே வீட்டில் இருந்த பிள்ளைகளின் செய்தி அவர்களுடைய அம்மாக்களுக்குப் போகவில்லை. காலையில் இருந்த சந்தோஷத்தோடு என்னால் திரும்பி நடக்க முடியவில்லை.

16 நவம்பர், ஞாயிறு, உலூரு

அனுமதிச் சீட்டு 38 டாலர், மூன்று நாளைக்குச் செல்லும். இருட்டோடு கிளம்பி உலூரு என்ற அந்தப் பெரிய பாறையைச் சுற்றி நடந்தேன், 10.6 கிலோமீட்டர். உயரம் 348 மீட்டர் என்பார்கள், அது ஒன்றும் சொல்லாது. கிட்டே போனால் அது வழுவழுப்பான ஒற்றைக் கல்லாக இல்லை. மடிப்பு, குகை, மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகள், ஒரு மூலையில் மரநிழலோடு சுனை. ஈ மட்டும் கண்ணுக்குள்ளேயே வந்து உட்காரும், தலையில் வலை போட்டுக்கொள்ளாமல் நடக்க முடியாது.

போட்டோ கேட்பீர்கள். தூரத்திலிருந்து எடுத்ததை அனுப்பியிருக்கிறேன். ஆனால் நடைபாதையில் சில பகுதிகளில் படம் எடுக்காதீர்கள் என்று பலகை இருக்கிறது. இந்த நிலத்தின் பழங்குடிகளான அனங்கு மக்களுக்கு அவை புனித இடங்கள், அந்த இடத்தின் கதையை அந்த இடத்தில்தான், உரியவர்கள்தான் கேட்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அங்கே பார்த்ததை எழுதவும் மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

1985 அக்டோபர் 26இல் இந்த நிலம் அனங்கு மக்களிடம் திரும்பக் கொடுக்கப்பட்டது, போன மாதத்தோடு 40 வருடம். மேலே ஏறுவது 2019இல் அதே தேதியில்தான் நின்றது. ஏறிய தடம் வெளிறிப்போய்ப் பாறையில் இன்னும் தெரிகிறது. அப்புறம் ஒரு விஷயம் கேள்விப்பட்டேன். ஞாபகத்துக்கென்று இங்கிருந்து கல்லும் மண்ணும் எடுத்துப் போனவர்கள் பிறகு மனசு கேட்காமல் கடிதம் வைத்துப் பார்சலில் திருப்பி அனுப்புகிறார்களாம், உலகம் முழுவதிலுமிருந்து. மன்னிப்புக் கற்கள் என்றே அதற்குப் பெயர். இந்த ஊர்த் தபாலைப் பிரிக்கும் ஆளை நினைத்துப் பார்க்கிறேன்.

20 நவம்பர், வியாழன், கூபர் பீடி

மாநில எல்லை தாண்டியதும் மணி ஒன்று முன்னால் ஓடிவிட்டது. இங்கே கோடைக்காகக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கிறார்கள், வடக்கே அந்த வழக்கம் இல்லை. இனி உங்களுக்கும் எனக்கும் ஐந்து மணி நேரம்.

ஓபல் என்ற ரத்தினக் கல் தோண்டும் ஊர். 1915இல் தகப்பனோடு தங்கம் தேடி வந்த 14 வயதுப் பையன் கண்ணில் முதல் கல் பட்டது. வெயில் தாங்காமல் பாதி ஊர் தரைக்குள் வீடு குடைந்து வாழ்கிறது. என் படுக்கையும் தரைக்குள்தான், ஜன்னல் கிடையாது, வெளியே 41 டிகிரி அடிக்கும்போது உள்ளே ஃபேன்கூட வேண்டாம். ஊரைச் சுற்றி மூடாத குழிகள், பின்பக்கமாக நடக்காதீர்கள் என்றே பலகை வைத்திருக்கிறார்கள், படம் எடுப்பவர்களுக்குத்தான். தரைக்குள் சிக்னல் இல்லை. இதை வெளியே வந்து மண்மேட்டில் உட்கார்ந்து அனுப்புகிறேன்.

22 நவம்பர், சனி, அடிலெய்டு

குளிர்காற்று! டிராம், பூங்கா, நாலு கோடு சிக்னல். எழுதி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டது, நீங்கள் மூன்று பேரும் எழுந்து பார்க்கும்போது போன் திணறியிருக்கும்.

காலையில் சென்ட்ரல் மார்க்கெட் போனேன். பாலாடைக்கட்டிக் கடைகளைத் தாண்டிப் பழக்கடை வரிசை வந்ததும் கால் நின்றுவிட்டது. அட்டைப்பெட்டியில் கேபி மாம்பழம், பக்கவாட்டில் கேத்தரின் என்று அச்சடித்திருந்தது. ஒன்று 3 டாலர் 50 செண்ட். கடைக்காரரிடம் இதை நான் பறித்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் கையை நீட்டச் சொன்னார். சொணைத் தழும்பைப் பார்த்துவிட்டு, பெட்டியின் அடியிலிருந்து இரண்டு நல்ல பழமாக எடுத்துக் கொடுத்தார், ஒன்றுக்குத்தான் காசு வாங்கினார். விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து ஒன்றைத் தோலோடு சாப்பிட்டாயிற்று. இன்னொன்று ஜன்னலில் இருக்கிறது, நாளை நீங்கள் கூப்பிடும்போது கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்து காட்டுகிறேன். என் நேரம் மூன்று மணி, உங்களுக்குக் காலை பத்து. ஓசூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை என்று தூங்கிவிடாமல் யாராவது எழுப்பிவிடுங்கள்.