முகத்த தொட்டா பேரு வரணும்

அப்பத்தா வீட்டு பழைய குரூப் போட்டோ ஒன்னு, 1978ல எடுத்தது, மொத்தம் 17 பேரு. முகத்த தொட்டா யாருன்னு பேரு வர்ற மாதிரி ஒரு வெப் பேஜ் பண்ணலாம்னு நேத்து நைட் உக்காந்தேன். முதல்ல பழைய ஸ்டைல்ல மேப், ஏரியா டேக் (படத்துல எந்த இடத்த தொட்டா வேலை செய்யணும்னு சொல்ற கோடு) போட்டு ஒவ்வொரு முகத்துக்கும் எக்ஸ், ஒய் குறிச்சு ஜாவாஸ்கிரிப்ட்ல மவுஸ்ஓவர் (மவுஸ் மேல வந்தாலே பேரு காட்டுறது) வச்சேன், லேப்டாப்ல சூப்பரா வந்துச்சு. அப்பா போன்ல தொறந்து பெரியப்பா முகத்த தொட்டா சின்னத்தை பேரு வருது 😂 படம் ஸ்கிரீனுக்கு ஏத்த மாதிரி சுருங்கிடுது, நான் குறிச்ச எண்ணெல்லாம் பிக்சல்ல அப்படியே நிக்குது, அதான். அப்புறம் எஸ்விஜிக்கு (சைஸ் மாறுனாலும் வடிவம் கெடாத பட ஃபார்மட்) மாத்துனேன், அதுல வியூபாக்ஸ்னு அளவு சொல்ற எடத்துல ஒரிஜினல் சைஸ குடுத்துட்டா படத்தோட சேர்ந்து முகத்து மேல போட்ட வட்டமும் சுருங்கும். மவுஸ்ஓவர தூக்கிட்டு கிளிக் போட்டாச்சு, போன்ல விரல் என்ன மிதக்கவா போகுது. (1996ல நெட்ஸ்கேப் 3 பிரவுசர் வந்தப்ப மவுஸ் வச்சா படம் மாறுறதே பெரிய வித்தைங்க, இப்ப எவன் மதிக்கிறான்.)

எல்லாம் சரியாயிடுச்சு, ஆனா கடைசி வரிசைல ஓரமா நிக்கிற தாவணி போட்ட பொண்ணு யாருன்னு அப்பாவுக்கே தெரியல, சித்தப்பா ஒரு பேரு சொல்றாரு, அத்தை அது இல்லவே இல்லங்குறாங்க. இப்போதைக்கு அந்த வட்டத்த தொட்டா வெறும் கேள்விக்குறி தான் வரும்.