திரும்பி வரும் எண்ணும் வைஃபை பாதுகாப்பும்

1997இல் வெளியான முதல் வைஃபை தரத்தோடு வந்த வெப் (WEP) என்னும் குறியாக்கம், எல்லோருக்கும் பொதுவான சாவியோடு 24 பிட் அளவுள்ள ஓர் எண்ணைச் சேர்த்து, ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் ஆர்சி4 முறையில் மறைத்தது. அந்த எண்ணுக்கு ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் மதிப்புகளே உண்டு என்பதால், நெரிசலான வலையமைப்பில் சில மணி நேரத்திலேயே பழைய மதிப்பு திரும்பி வந்துவிடும். எண் திரும்பினால், தரவை மறைக்கும் தொடரும் அப்படியே திரும்பும்; இப்படி ஒரே மறைப்புத் தொடரால் மூடப்பட்ட இரு பொட்டலங்களை ஒப்பிட்டு, ஒட்டுக்கேட்பவர் உள்ளடக்கத்தை ஊகிக்கலாம். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய ஆய்வாளர்கள் சாவியையே மீட்டெடுக்கும் வழியை விளக்கினர்.

2004இல் வந்த டபிள்யூபிஏ2 (WPA2) என்னும் வைஃபை பாதுகாப்பு முறை, வலுவான ஏஇஎஸ் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஆயினும் 2017இல் ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்திய கிராக் (KRACK) தாக்குதல், இணைப்பின்போது பரிமாறப்படும் நான்கு செய்திகளில் மூன்றாவதை மீண்டும் அனுப்பி, ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த சாவியைக் கருவி மறுபடி நிறுவும்படி செய்தது. அதோடு, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறும் எண்ணும் தொடக்கத்துக்குத் திரும்பியது. ஏஇஎஸ் உடையவில்லை, கடவுச்சொல்லும் கசியவில்லை; வெப்பில் கண்ட அதே மறுபயன்பாட்டுக் குறைதான் வேறு வாசல் வழியாக நுழைந்தது.

எனினும், வீட்டுப் பயனருக்குக் கிராக்கைவிடப் பெரிய ஆபத்து எளிய கடவுச்சொல்லே என்பேன். டபிள்யூபிஏ2இல் அந்தப் பரிமாற்றத்தை ஒருமுறை பதிவு செய்தவர், பிறகு தம் கணினியிலேயே எத்தனை சொற்களை வேண்டுமானாலும் சோதிக்கலாம். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3, ஒவ்வொரு ஊகத்துக்கும் வலையமைப்போடு நேரடியாகப் பேச வேண்டிய நிலையை உருவாக்கி, அதைத் தடுக்க முனைகிறது.